நானும் இழந்தவன் என்று சொன்னேன்

சிஸ்டர் கைக்கடிகாரத்தை உள்மணிக்கட்டுப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். குவைத்தில் இருபது வருடங்களுக்கு மேல் நர்ஸாக இருந்து, நாடி பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். குழித்துறையில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த எங்கள் பங்குத் தரகு அலுவலகத்துக்கு வந்தால், கணினிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரின் இதயத் துடிப்பைக் கவனிப்பவர்போல, திரையில் விலைகள் மாறுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர்களுக்குப் பங்குகளை வாங்கி, விற்றுக் கொடுப்பது அங்கே என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் விலை இறங்கினால் என்னை முறைப்பார்கள். சிஸ்டர் ஒருநாளும் முறைத்ததில்லை.

மின்நிலையங்கள் கட்டும் அந்தக் கம்பெனியைப் பற்றி அவரிடம் முதலில் பேசியவன் நான்தான். வங்கிகளில் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் அது திணறிக்கொண்டிருந்தது. ஒரு பங்கின் விலை ஒரு சாயாவின் விலைக்கு இறங்கிவிட்டது. கடன் கொடுத்தவர்கள் கம்பெனியை விற்க ஆள் தேடுவதாகச் செய்தி வந்தபோது, எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான்.

“வாங்க ஆளு வந்தா என்ன ஆகும் மக்கா?” என்று சிஸ்டர் கேட்டார்.

“வெல ஏறும் சிஸ்டர். நானும் வாங்கி வச்சிருக்கேன்.”

நான் சொன்னது பொய்யில்லை. வாங்கித்தான் வைத்திருந்தேன். அந்த இரண்டாவது வாக்கியம்தான் அவரை நம்பவைத்தது என்று இப்போது தெரிகிறது. குலசேகரத்தில் இருந்த வீட்டுக்கு மாடி எடுக்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தை அதில் போட்டார். அவர் வாங்கியதைப் பார்த்து அவருடைய தங்கையும் வாங்கினார். பிரார்த்தனைக் கூட்டத்துத் தோழிகள் இரண்டு பேரும் வாங்கினார்கள்.

வாங்க ஆள் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்த காலையில் விலை துள்ளி ஏறியது. லட்டு வாங்கலாமா என்றுகூட அலுவலகத்தில் பேசினோம். எனக்கு அறிவிப்பை முழுதாகப் படிக்கத் தோன்றியது. பல பக்கங்கள் தாண்டி ஓரிடத்தில் அந்த வரிகள் இருந்தன. வங்கிகளுக்கே கொடுத்த கடனில் பாதிகூடத் திரும்பாது; பழைய பங்குகள் அனைத்தும் ரத்து செய்யப்படும்; பங்குதாரர்களுக்கு எதுவும் தரப்படாது. கம்பெனி பிழைத்துவிட்டது. அதில் எங்களுக்குத்தான் இடமில்லை. இரண்டு முறை படித்தேன்.

என் பங்குகளை விற்கப் போட்டேன். அதற்குள் மற்றவர்களும் படித்திருக்க வேண்டும். விலை மளமளவென்று சரிந்தது. வாங்க ஆள் குறைந்து, விற்கிறவர்களின் வரிசை நீண்டது. சிஸ்டரைக் கூப்பிட்டால் அவரும், தங்கையும், தோழிகளும் அந்த வரிசையில் வந்து நிற்பார்கள். முதலில் என்னுடையவை விற்றுப்போகட்டும், பிறகு கூப்பிடலாம் என்று நினைத்தேன். இதை எந்தப் பூச்சும் இல்லாமல் எழுத இத்தனை காலம் ஆகியிருக்கிறது. இரண்டு மணிக்கு என் பங்குகள் விற்றுப்போயின. சந்தை மூட இன்னும் நேரம் இருந்தது. கைப்பேசியில் அவர் எண்ணை எடுத்தேன். “நீ வித்தியா?” என்றுதானே முதலில் கேட்பார்? எத்தனை மணிக்கு விற்றேன் என்று சொல்ல வேண்டிவரும். கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறிப்போன சோற்றுப் பொதியைப் பிரித்தேன். மறுநாள் அந்தப் பங்கின் வர்த்தகத்தையே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து சிஸ்டர் வந்தார். திரையில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் வழக்கமான நாற்காலியிலேயே உட்கார்ந்தார். தங்கை வீட்டுக்கும் தோழிகளின் வீடுகளுக்கும் தானே நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஒரு தோழி கதவைத் திறக்கவே இல்லையாம்.

“ஒனக்கும் போச்சா மக்கா?”

“போச்சு சிஸ்டர்.”

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். “வெப்ராளப்படாத. ஒனக்கு வயசிருக்கு.” தன் இழப்பை ஒதுக்கி வைத்துவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு வாடிக்கையாளர்கள் வருவது குறைந்து, சில மாதங்களில் அலுவலகத்தை மூடினார்கள். நான் வேலையில்லாமல் இருப்பதைக் கேள்விப்பட்டு, மார்த்தாண்டத்தில் தனக்குத் தெரிந்த டாக்டரின் மருத்துவமனைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். “எனக்க கூட நட்டப்பட்ட பையன் டாக்டர், நல்ல பிள்ளை” என்று அவர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். பில் போடும் கவுண்டரில் வேலை கிடைத்தது. மாடி எடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டிருந்த சிஸ்டரும் அதே மருத்துவமனையில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தார். அறுபதைத் தாண்டிய வயதில், முட்டிவலியோடு, வார்டு வார்டாக நடந்தார். காலையில் என் கவுண்டரைக் கடக்கும்போது, “சாப்பிட்டியா மக்கா?” என்பார். மாதச் சம்பளம் கைக்கு வரும்போதெல்லாம் எனக்குள் ஏதோ உறுத்தும். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் ஒரு தாளோடு வந்தார். பல ஊர்களில் இருக்கும் சிறு பங்குதாரர்கள் சேர்ந்து வழக்குப் போடுகிறார்களாம். அவர் பெயரும் தங்கையின் பெயரும் தோழிகளின் பெயர்களும் அதில் இருந்தன. அன்று கதவைத் திறக்காதவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“ஒனக்க பேரையும் எழுது. ஆளு கூடினாத்தான் கோர்ட்டுல கேப்பாவ.”

வர்த்தகம் நிறுத்தப்பட்ட நாளில் கையில் எத்தனை பங்குகள் இருந்தன என்று ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். பேனாவை வாங்கினேன். எழுத முடியவில்லை.

“சிஸ்டர், அண்ணைக்கு எனக்கிட்ட ஒண்ணும் இல்ல. முந்தின நாளே வித்துட்டேன்.”

அவருக்கு உடனே புரியவில்லை. பிறகு, நோயாளியின் சொந்தக்காரரிடம் விவரம் கேட்கிற குரலில், “எத்தன மணிக்கு?” என்றார்.

“ரெண்டு மணிக்கு.”

“நான் வீட்டுலதான் இருந்தேன். போனு கையிலதான் இருந்துது.”

பேனாவை என் கையிலிருந்து எடுத்து மூடினார். தாளை நான்காக மடித்துக்கொண்டு வார்டுக்குப் போனார். டாக்டரிடம் சொல்லி என் வேலையைப் பறித்துவிடுவார் என்று அன்று முழுக்கப் பயந்தேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை என்கிறார்கள்.

நான் சொன்னதற்கு மறுநாள் காலையில் ஒரு நோயாளியின் பில்லோடு கவுண்டருக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் தாளை என் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

“இதுல ஒரு ஒப்பு வேணும், சார்.”