ஜீப்புக்கு ஒரு கைவின்ச்

துறைமுகத்தில் பாரம் தூக்கும் கருவிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதுதான் முப்பத்து நான்கு வருடம் என் வேலை. கொக்கி, சங்கிலி, கம்பி வடம், கப்பி எதுவானாலும் என் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை மேலே போகாது. அதற்காக யாரும் என்னை நேசித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற அன்று எனக்குப் போட வந்த மாலையை ஒரு ஃபோர்மேன் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, "தாங்கும் சார், போட்டுக்கிடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் இழுத்துப் பார்த்தது சரியான முறைதான் என்று எனக்குப் பட்டது.

அதன் பிறகு நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனைவியும் கிளம்பிவிடுவோம். அவள் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். இப்போது உப்பளங்களுக்குப் பின்னால் இறங்கும் பறவைகளை எண்ணி நோட்டில் குறிக்கிறாள். ஆறு மாதத்துக்குள் ஜீப் இரண்டு முறை புதைந்தது. முதல் முறை தேரிச் செம்மணலில், இரண்டாம் முறை உப்பளப் பாத்தியின் வரப்போரம். இரண்டு முறையும் ஒரே டிராக்டர்தான் வந்து இழுத்தது.

"மூணாவது தடவையும் டிராக்டர் வந்துச்சுன்னா வண்டிய வித்துருவோம்" என்றாள் மனைவி. "அந்த டிராக்டர்காரரு நம்ம வீட்டு விசேஷத்துக்கு வார அளவுக்குப் பழக்கமாயிட்டாரு."

நியாயமான நிபந்தனை என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் வண்டி போனால் எனக்கு மிஞ்சுவது காலை நடையும், ஓய்வூதியர்களோடு பஞ்சப்படி பற்றிய விவாதமும்தான். அந்த விவாதத்தில் நான் சொல்வது எப்போதும் சரியாகவே இருக்கும். அதனால்தான் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

ஆகவே, புதைந்த வண்டியை வடத்தால் இழுத்து வெளியே எடுக்கும் வின்ச் ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. மின்சார வின்ச்சை முதலிலேயே தள்ளிவிட்டேன். முன் பம்பரில் உட்கார்ந்திருக்கும் அது முன்னால்தான் இழுக்கும். மாட்டிக்கொண்ட வண்டிக்குப் பெரும்பாலும் வந்த வழியே திரும்புவதுதான் நல்லது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் மோட்டார் எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கைவின்ச்சுக்கு அந்தக் கவலை இல்லை. முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம்.

பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதைக்காக அல்ல, பழைய பயம்.

"வாங்க அண்ணாச்சி. ரிட்டயர் ஆகியும் செக்கிங்கா?"

"இல்லை, வாங்க வந்திருக்கேன்" என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

முதலில் அவர் எடுத்துப் போட்டது, சிறிய உருளையில் கம்பி சுற்றிக்கொள்ளும் பல்சக்கர வகை. கையடக்கம், பளபளப்பு. பக்கவாட்டில் இரண்டு டன் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"இந்த ரெண்டு டன் இழுக்கற எடையா, அறுந்துபோற எடையா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் அதுக்குள்ளதான அண்ணாச்சி இருக்கும்."

கம்பி என் சுண்டுவிரலில் பாதி கனம்கூட இல்லை. கொக்கியில், மாட்டியது நழுவாமல் தடுக்கும் வாய்ப்பூட்டு இல்லை. பல்லைப் பிடித்து நிறுத்தும் நாக்கு, தகட்டில் வெட்டியது. உருளை கொள்வதும் மூன்று மீட்டர் கம்பிதான். மூன்று மீட்டருக்குள் உதவி கிடைக்கும் இடத்தில் எந்த வண்டியும் புதைவதில்லை. அதைத் திருப்பி வைத்தேன்.

அடுத்தது, நெம்புகோல் வைத்த செயின் பிளாக். குறை சொல்ல முடியாத கருவி. பட்டறையில் எஞ்சின் தூக்க அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் சங்கிலி ஒன்றரை மீட்டர். நீளமான சங்கிலி போட்டால் அதன் கனமே தனிப் பயணி.

மூன்றாவது, கம்பி வடம் உடம்புக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வகை. உள்ளே இரண்டு தாடைகள் மாறி மாறி வடத்தைக் கவ்வி இழுக்கும். உருளையே கிடையாது, வடம் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் இழுக்கலாம். துறைமுகத்தில் நான் பார்த்த கைக்கருவிகளில் இதன் மேல்தான் எனக்கு மதிப்பு. ஜீப்பின் எடை ஒன்றேகால் டன்னுக்குச் சற்று மேல். அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டால் தன் எடை அளவுக்கே எதிர்த்து நிற்கும். ஒன்றரை டன்னுக்குச் சற்று மேலே இழுப்பதும், அதோடு இருபது மீட்டர் வடமும் போதும் என்று கணக்குப் போட்டேன். மூன்று டன் வகை இன்னும் பாதுகாப்பானதுதான். கூட வந்திருந்த மனைவி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை வண்டியில ஏத்துறதுக்கு ஒரு வின்ச்சு வாங்கணும்" என்றாள். சின்னதையே எடுத்தோம்.

"டெஸ்ட் சர்டிபிகேட்?" என்றேன்.

"ஜாதகமும் சேத்துத் தாரேன் அண்ணாச்சி, பொருத்தம் பாத்துக்கிடுங்க" என்றார் கடைக்காரர். ஆனால் அலமாரிக்குள் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கைப்பிடி பொருந்தும் இடத்தில் ஒரு சின்னப் பித்தளை ஊசி இருந்தது. பாரம் அளவு மீறினால் வடம் அறுவதற்கு முன்பு அந்த ஊசி முறிந்துவிடும். கைப்பிடி வெறுமனே ஆடும். உபரி ஊசிகள் கைப்பிடிக்குள்ளேயே இருந்தன. இதைச் செய்தவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

சோதிக்காத கருவியைப் பயன்படுத்தும் பழக்கம் எனக்கு இல்லை. வீட்டுக்குப் பின்னால் உள்ள வேம்பில் வின்ச்சைக் கட்டி, கைபிரேக் போட்ட ஜீப்பை மூன்றடி இழுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன சார், பெட்ரோல் மிச்சம் புடிக்கீங்களா?" என்றார். நான் எடுத்துப் போக வேண்டிய சாமான்களைத் தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டினேன். வடம், கட்டி இழுக்கும் பட்டை, கையுறை, மண்வெட்டி, வடம் அறுந்தால் வீசியடிக்காமலிருக்க அதன் மேல் போட கனத்த போர்வை. இப்படிப் பதினோரு இனங்கள். எனக்குத் தெரிந்து அதில் ஓட்டை கிடையாது.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் புன்னக்காயல் பக்கம் ஆறு கடலில் சேரும் வெளிக்குப் போனோம். பூநாரை வந்திருப்பதாகக் கேள்வி. மேலே வெள்ளையாக உப்புப் பூத்துக் காய்ந்திருந்த தரை, நடுவில் போனதும் அப்பளம்போல உடைந்தது. இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் கறுப்புச் சேற்றில் இறங்கின. நான் பதறவில்லை. சொல்லப்போனால் ஒரு சின்ன மகிழ்ச்சிகூட இருந்தது. கையுறை மாட்டினேன். வின்ச்சை எடுத்தேன். வடத்தை விரித்தேன். கருவியின் கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன்.

மாட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

மரம் இல்லை, பாறை இல்லை, ஒரு கல்கம்பம் இல்லை. எட்டிய தூரத்தில் முழங்கால் உயர உமிரிச் செடி மட்டும். கப்பல் அணையும் கரைத்தளத்தில் பத்தடிக்கு ஒரு கயிறு கட்டும் இரும்புத் தறி தரையோடு வார்த்து நிற்கும். கயிற்றை வீசினால் தானாக விழும். முப்பத்து நான்கு வருடத்தில் பாரம் எவ்வளவு, வடம் என்ன கனம், கொக்கி எந்த வகை என்றெல்லாம் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். எதில் கட்டப்போகிறோம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் பதினோரு இனங்களிலும் அது கிடையாது.

மனைவி தூரத்து உப்பளத்தில் ஓடிக்கொண்டிருந்த டிராக்டரைப் பைனாகுலரில் பார்த்தாள்.

பின்சீட்டில் மீன்பெட்டி கட்டிய பைக்கில் புன்னக்காயல்காரர் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும்.

"டிராக்டரக் கூப்புடவா சார்? நம்பர் இருக்கு."

"வேண்டாம்" என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக.

அவர் சிரித்தார். வின்ச்சைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். "இவ்வளவு சாமானும் கொண்டாந்தியளே, கட்டுறதுக்கு மரத்தக் கொண்டாரலையா?"

"ஹார்பர்ல இருந்தவங்க" என்றாள் மனைவி, அதுவே விளக்கம் என்பதுபோல.

"ஹார்பரா? அப்ப நங்கூரம் போடத் தெரியாமலா இருக்கும்!"

நான் இருந்தது கப்பலில் அல்ல, கரையில் என்று திருத்த வாயெடுத்தேன். அதற்குள் ஜீப்பின் பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி கண்ணில் பட்டது. நங்கூரம் என்பது மண்ணைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கனம், அவ்வளவுதானே. பதினைந்து மீட்டர் பின்னால் தரை சற்று மேடாகி இறுகிய மணலாக இருந்தது. அங்கே ஓர் ஆள் இடுப்பளவு குழி வெட்டினோம். நான் கொஞ்சம், பெரும்பங்கு அவர். ஸ்டெப்னியைக் கழற்றி, அதில் பட்டையைக் கோத்து, குழிக்குள் இழுக்கும் திசைக்கு முகம் காட்டி நிறுத்திவைத்து, பட்டை சரிந்து வெளியே வர ஒரு வாய்க்காலும் வெட்டி மூடினோம். அவர் அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நானும் ஒரு கனம்தான சார்?"

"எழுந்திரிங்க. முறுக்கேறின வடம் பக்கத்துல யாரும் இருக்கப்படாது."

"யக்கா, வீட்லயும் இப்பிடித்தானா?"

"வீட்ல எழுதி ஒட்டிருவாரு" என்றாள் மனைவி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

வின்ச்சைப் பட்டைக்கும் ஜீப்புக்கும் நடுவே மாட்டி, வடத்தின் மேல் போர்வையைப் போட்டுக் கைப்பிடியை ஆட்டினேன். வடம் விறைத்தது, மண்ணுக்குள் சக்கரம் ஒரு சாண் நகர்ந்து நின்றுகொண்டது. ஜீப் அசையவில்லை. இன்னும் நாலு ஆட்டு. டக்கென்று ஊசி முறிந்தது.

"முறிஞ்சிருச்சு! சரியா அளவுல முறிஞ்சிருக்கு!" என்றேன்.

"எம் மாதாவே" என்றார் அவர். "உடைஞ்சதுக்குச் சந்தோசப்படுத ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்."

வடம் நலமாக இருந்தது, நங்கூரம் இருந்தது. அளவு மீறியது சேறு மட்டும். அப்படியானால் சேற்றைத்தான் குறைக்க வேண்டும். சக்கரங்களுக்குப் பின்னாலும் வயிற்றுக்கடியிலும் அரைமணி நேரம் வழித்துப் போட்டோம். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை; அவசரத்தில் தாண்டியிருந்தேன். புது ஊசி போட்டேன். என் தோள் பாதியில் விட்டுக்கொடுத்தபோது அவர் கைப்பிடியை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு ஆட்டுக்கும் இரண்டு விரற்கடை. சேறு ஒரு நீண்ட உறிஞ்சலோடு விட்டது. ஜீப் பின்வாங்கி மேட்டில் ஏறி நின்றது.

ஸ்டெப்னியை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. இப்போது ஜீப்பையே கட்டுத்தறியாக வைத்து, வின்ச்சால் சக்கரத்தைப் பிடுங்கினோம். அது வெளியே வந்து விழுந்ததும் மனைவி இறங்கி வந்தாள்.

"டிராக்டர் வரலை" என்றேன்.

"வரலைதான்" என்றாள். மீன்பெட்டிக்காரரைக் காட்டினாள். "ஆனா இவரு வந்தாரு."

"நிபந்தனை டிராக்டருக்கு மட்டும்தான்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். கணக்கு டீச்சர் யோசிக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது எனக்குத் தெரியும்.

"சரி, வண்டி இருக்கட்டும்" என்றாள். "இன்னொரு மம்பட்டி வாங்கிப் போடுங்க. அடுத்த குழிய நான் வெட்டுதேன். நீங்க வெட்டுத வேகத்துக்குப் பறவையெல்லாம் ஊருக்குத் திரும்பிரும்."

பிறகு மீன்பெட்டிக்காரரிடம் திரும்பி, பூநாரை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று கேட்டாள். அவர் கை காட்டிய திசையில், இந்த முறை இறுகிய மணலைப் பார்த்து, ஜீப்பை அவளே ஓட்டினாள்.