கலியபெருமாள் இழுத்த பங்கா

செவ்வாய்க்கிழமை காலை செலியமேட்டிலிருந்து போன் வந்தது. "மாமா பூட்டாரு சார். மூணு மணிக்கு எடுக்கறோம்" என்றார் கலியபெருமாளின் மருமகன். பாகூர்ப் பக்கத்துப் பழைய மாளிகையைச் சுற்றிப் பார்த்த உங்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். பெரிய சாவிக்கொத்தும் வெற்றிலைச் சிவப்பு வாயுமாக உங்களை அறை அறையாக அழைத்துப் போனாரே, அந்தக் காவலாளிதான்.

மிராசுதார் குடும்பம் தங்கள் வீட்டைக் காட்சிக்கூடமாகத் திறந்தபோது, பொருள்களுக்குப் பட்டியல் போட என்னை வைத்தார்கள். பீங்கான், கடிகாரம், பல்லக்கு, பிரெஞ்சுக்காரர் காலத்துக் கண்ணாடி விளக்குகள் என்று எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தேன். "நீங்க சாமானப் பாக்கறீங்க சார். நான் வர்றவங்க மூஞ்சியப் பாக்கறேன்" என்பார் கலியபெருமாள். ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைப் பல்லக்கின் முன் நிறுத்தி, "உள்ள குந்தனவரு படம் மாட்டியிருக்கு. தூக்கனவங்க நாலு பேரு படத்தத் தேடுங்க" என்றார். பிள்ளைகள் வீடு முழுக்கத் தேடினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர்களுக்கு வரவில்லை.

அடுத்து நடந்ததைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்டசோழநல்லூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நடவு வேலையில் காய்த்துப்போன கைகள். கூடத்தின் கூரையில் தொங்கும் பங்காவை, அந்தப் பெரிய துணி விசிறியை, நெடுநேரம் பார்த்தார். "எங்கப்பா வெளித் தாவாரத்துல குந்திக்கினு இதத்தான் இழுத்தாரு. எங்கள உள்ள வுட்டதில்ல. அந்த நாக்காலில ஒரு வாட்டி குந்திப் பாக்கட்டுமாப்பா?" பங்காவுக்கு நேர்கீழே இருந்த மிராசுதாரின் நாற்காலி அது. அதன் குறுக்கே கயிறு கட்டி, தொடக்கூடாது என்று எழுதி மாட்டியவன் நான். கலியபெருமாள் அந்தக் கட்டை அவிழ்த்து அவரை உட்காரவைத்தார். பிறகு வெளியே போய்ச் சுவரோரம் உட்கார்ந்து, சுவர்த் துளை வழியாக வரும் பங்காவின் கயிற்றை இழுத்தார். பழைய கயிறு, அறுந்துவிட்டது. மரச்சட்டம் ஒருபக்கமாகச் சரிந்து ஒரு விளக்கின் கண்ணாடியை உடைத்தது.

சத்தம் கேட்டு ஓடினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "நான்தான் சார் இழுத்தேன். அந்தம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். 'காவலாளியின் அலட்சியம்' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, டிக்கெட் வாங்கிக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். புதிதாக வந்த வழிகாட்டி கடிகாரத்தின் முன் தடுமாறினார். நான் கலியபெருமாளிடம் போய், நீங்கள் சொல்லுங்களேன் என்றேன். "இன்னிக்கு டிக்கெட் வாங்கன ஆளு சார் நானு. கேட்டுக்கினு போறேன்" என்று சிரித்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு அவர் வரவில்லை. கரும்புத் தோட்டத்துக் காவலுக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு முறை அந்த வழியாகவே போனேன், வண்டியை நிறுத்தவில்லை. மன்னிப்புக் கேட்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாவு வீட்டில் அந்த அம்மாளும் மாலையோடு வந்திருந்தார். வெட்கத்தை விட்டு, அன்றைக்குக் காற்று எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"காத்து எங்க சார் வந்துச்சு? ரெண்டாவது இழுப்புலயே கவுறு அந்துபோச்சு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனுக்காவ ஒரு ஆளு வெளிய குந்தி இழுத்தாரே சார். அது போதும்" என்றார்.

அலட்சியம் என்று நான் எழுதியது பொய். அந்த அறிக்கையை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டேன். கலியபெருமாளிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பு மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.