ஒத்து வராத கைகள்

ஓய்வூதியத்துக்கு ஸமீஹாவுக்கு இன்னும் பதினொரு மாதச் சந்தா பாக்கி. ஸஹாபில் அவள் வேலை பார்த்த தையல் ஆலையை மூடாமல் இருந்திருந்தால் அது எப்போதோ முடிந்திருக்கும். வயது ஐம்பத்து நாலு. கணவர் பக்கவாதத்தில் படுத்தபடுக்கை, மதியத்துக்கு மேல் அவரைத் தனியே விட முடியாது. அரை நாள் வேலைதான் பார்க்க முடியும். அரை நாள் வேலைக்குச் சமூகக் காப்பீட்டில் பெயர் ஏற்றி அந்தச் சந்தாவைக் கட்டுகிற முதலாளி அம்மானில் எங்கே இருக்கிறான்?

தேடாமல் இல்லை. ஒரு மழலையர் பள்ளியில் பயிற்சிக்கென்று அவளிடமே பணம் கேட்டார்கள். ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை என்று வரச்சொல்லித் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். வாய் கூசாத ஜென்மங்கள்.

அதனால்தான் ரமலான் தொடங்கிய வாரம், இனிப்புக்கடைக் கண்ணாடியில் "பெண்கள் தேவை, அரை நாள், நூற்றெண்பது தினார், காப்பீடு உண்டு" என்று ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் இரண்டு தடவை படித்தாள்.

"மூணு நாள் கை பாக்கணும் உம்மு ஹாதிம். அதுக்குக் கூலி கிடையாது, எல்லாக் கடையிலயும் இதான் வழக்கம்," என்றார் முதலாளி அபூ ஃபவாஸ், ஊர் வழக்கப்படி அவளை மகன் பெயரால் அழைத்து.

பெருநாளுக்கான மஅமூல். ரவை மாவுக்குள் பேரீச்சம்பழப் பூரணம் வைத்து உருட்டி, சின்ன இடுக்கியால் மேலே கிள்ளிக் கிள்ளிக் கோலம் போட வேண்டும். மேசையில் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எங்கே என்று கேட்டதற்கு, வருவார்கள் என்றார்.

இரண்டாம் நாள் தட்டு எடுக்கப் பின்னறைக்குப் போனாள். கூரை வரைக்கும் மஅமூல் அடுக்கியிருந்தது. கிள்ளுகிற விதம் ஆளுக்கு ஆள் வேறு. தாய்வீட்டில் படிந்த கை அப்படி லேசில் மாறாது. ஒருத்தி இலை நரம்புபோலச் சரித்துக் கிள்ளியிருந்தாள், ஒருத்தி நேர்வரிசையாக, ஒருத்தி இடதுகைக்காரி. எண்ணினாள். ஏழு பேர் கை. கடையில் ஏழு பேரில் ஒருத்திகூட இல்லை.

அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் மூன்றாம் நாள் வந்தாள். எட்டாவது ஆளையாவது வைத்துக்கொள்ள மாட்டானா என்ற நப்பாசை.

மதியம் அபூ ஃபவாஸ் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "உங்க கை நம்ம கடைக்கு ஒத்து வரல உம்மு ஹாதிம்."

"பின்னாடி ஏழு பேர் கை இருக்கே, அதுல ஒண்ணுமா ஒத்து வரல?"

அவர் சிரித்தார். "நீங்க பெரிய ஆளுதான். சரி, இருந்துக்கோங்க. நூத்திப்பத்து தினார்."

"நூத்தியெண்பதுன்னு போட்டிருக்கு?"

"போட்டதெல்லாம் குடுக்க முடியுமா? காப்பீட்டுல இன்னிக்கே பேர் ஏத்திடறேன். ஒண்ணே ஒண்ணு, இனிமே வர்றவங்களுக்கு மூணாம் நாள் நீங்கதான் சொல்லணும். பொம்பளைக்குப் பொம்பளை சொன்னா அழுகை கொறையும்."

ஸமீஹா கெட்டவள் இல்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டுச் சோறு கொடுக்காமல் நோன்பு திறக்காதவள். பதினொரு மாதத்தை மனசுக்குள் ஒருமுறை எண்ணினாள். சரி என்றாள்.

மறுநாளே கிஃபாயா என்றொருத்தி வேலை கேட்டு வந்தாள். ஸர்காவிலிருந்து இரண்டு பேருந்து மாறி, கைக்குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு. முப்பது வயதுகூட இருக்காது. ஆனால் என்ன கை! ஸமீஹாவே இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். மூன்று நாளில் நாற்பது தட்டு.

மூன்றாம் நாள் மதியம் அபூ ஃபவாஸ் கல்லாவிலிருந்து கண்ணைக் காட்டினார்.

"உன் கை கடைக்கு ஒத்து வரலம்மா," என்றாள் ஸமீஹா.

கிஃபாயா அழவில்லை. அழுதிருக்கலாம்.

"எங்க தப்புன்னு சொல்லுங்க சித்தி. வீட்டுல பழகிட்டு மறுபடி வரேன்."

ஸமீஹா ஏதாவது சொல்லியாக வேண்டும். "கொஞ்சம்... அழுத்திக் கிள்றே."

கிஃபாயா ஓர் உருண்டையை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கிள்ளிக் காட்டினாள். "இப்படியா?"

"இப்படித்தான்."

"உங்க கைக்கு ஒரு கொறையும் வராம இருக்கட்டும் சித்தி. வேற யாரும் இதெல்லாம் சொல்லிக் குடுக்க மாட்டாங்க." கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். இரண்டு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும்.

அவள் கடைசியாகக் கிள்ளியது மேசையிலேயே இருந்தது. ஸமீஹா அதையும் எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.