பாபின் மேல் விழுந்த முத்திரை

"மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, தேடுபொறியில் 'தையல் மெஷின் பாபின்' என்று தேடியபோது, அதுவரை முதல் வரிசையில் வந்துகொண்டிருந்த எனது கடையின் சரக்கு எதுவும் தென்படவில்லை. கடைக் கணக்கின் கடவுச்சொல்லை என்னைத் தவிர அறிந்தவர் என் மருமகன் ஒருவரே. ஆகவே இச்செயலுக்கு அவரே பொறுப்பு எனக் குற்றம் சாட்டுகிறேன்."

தட்டெழுதிய தாளை அச்செடுத்து, கையெழுத்திட்டு, அதன் நட்டநடுவில் நீல முத்திரை ஒன்றைக் குத்திய பிறகுதான் மெக்கானிக்கின் மூச்சு சீரானது.

அந்த முத்திரைப் பழக்கம் அவருக்குச் சும்மா வரவில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த காலத்தில், துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை அரத்தால் ராவி, நூல் அறாமல் ஓடும்படி புதிதாக ஒன்றைச் செய்தார். மேற்பார்வையாளர் அதைத் தன் கண்டுபிடிப்பாகக் காட்டிப் பாராட்டு வாங்கிக்கொண்டார். நியாயம் கேட்கப் போனவரிடம், "உன் பேரு அதுல எங்கய்யா எழுதியிருக்கு?" என்றார்கள். அன்று தன் பேரைப் பொறித்துச் செய்து வாங்கிய முத்திரை அது. அதன்பின் மின்கட்டண ரசீதும் மகளின் மதிப்பெண் பட்டியல் நகலும்கூட அதற்குத் தப்பவில்லை.

வேலையை விட்டதும் வீட்டு முன்னறையிலேயே உதிரிபாகங்களுக்கு இணையக் கடை தொடங்கினார். விளம்பர அலுவலகத்தில் வேலை பார்க்கும் மருமகன்தான், தேடினால் படமும் விலையுமாக வரும் தேடுபொறியின் சரக்கு வரிசையில் கடையைச் சேர்த்துவிட்டார். மீதியை மெக்கானிக் தானே கற்றார். அடிநூல் சுற்றும் உருளையை 'நல்ல பாபின்' என்று யாரும் தேடுவதில்லை என்று கண்டுகொண்டு, எந்த மெஷினுக்குப் பொருந்தும், இரும்பா பிளாஸ்டிக்கா, குறுக்களவு என்ன என்பதையெல்லாம் தலைப்பிலேயே எழுதினார். கடையில் ஒரு விலை, வரிசையில் வேறு விலை என்று ஆகாமல் பார்த்துக்கொண்டார். சரக்கு மெல்ல மெல்ல மேலேறி முதல் வரிசைக்கு வந்து சேர்ந்தது.

அங்கேதான் அது கண்ணில் பட்டது. பக்கத்தில் வேறொரு கடையின் பாபின் படம். பாபினுக்குக் கீழே மேசை. மேசையில் ஒரு கீறல். அவருடைய மேசை, அவருடைய திருப்புளி வழுக்கி விழுந்த கீறல்! முத்திரையை வெள்ளைத் தாளில் குத்தி, ஸ்கேன் செய்து, தன் கடைப் படங்கள் அத்தனையின் மேலும் குறுக்காக ஒட்டினார். இனி எவன் எடுப்பான் பார்க்கலாம் என்று இருந்தவருக்கு, அந்த வாரமே சரக்கு மொத்தமும் மாயமானது.

மருமகனைத் தொலைபேசியில் பிடித்தார்.

"மாமா, படத்து மேல எழுத்து, முத்திரை எதுவும் இருக்கக் கூடாதாம். அத எடுத்துடுங்க, எல்லாம் தானா திரும்பி வந்துடும்."

"எடுத்தா யாருக்கு லாபம், மாப்பிள்ளை?"

"நமக்குத்தான் மாமா, வேற யாருக்கு?"

பூட்டைக் கழற்றி வைக்கச் சொல்கிறவர் மேல் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கணக்குப் பக்கத்திலும் அதே காரணம்தான் எழுதியிருந்தது. அதையும் மருமகனே எழுதி வைத்திருக்கலாம் என்று அவருக்குப் பட்டது. கடவுச்சொல்லை மாற்றினார். குற்றச்சாட்டுத் தாள் மகள் வீட்டுக்குப் போனது அன்றுதான்.

"என் நெத்தியிலயும் ஒரு குத்து குத்திடுங்க," என்றார் மனைவி. "யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்க."

மகளின் குரலில் அந்த விளையாட்டு இல்லை. "அப்பா, அவர் இனிமே அங்க வரமாட்டாராம். அவரைத் திருடன்னு எழுதி அனுப்பின வீட்டுக்கு நான் மட்டும் எப்படிப்பா வர்றது?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மெக்கானிக் தலை நிமிராமல் சாப்பிட்டார். ஆதாரம் இன்னும் வலுவாக வேண்டும் என்று தோன்றியது.

தையல் தப்பினால் எல்லாவற்றையும் கழற்றிப் போடக் கூடாது. ஒரே ஒரு பாகத்தை மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் தொழில் முறை. மருமகனை மடக்கவும் அதையே கையாண்டார். பாபினை மட்டும் புதிதாகப் படமெடுத்து, முத்திரையில்லாமல், தூண்டிலில் புழுவைக் கோப்பதுபோல ஏற்றி வைத்தார். அந்தப் படம் எதிரிக் கடைக்குப் போய்ச் சேரட்டும், முத்திரையை எடுக்கச் சொன்னவரின் நோக்கம் வெட்டவெளிச்சமாகிவிடும்.

சில நாள் காத்திருந்தார். தன் கைபேசி தனக்குப் பிடித்ததையே காட்டி ஏமாற்றும் என்று அதையும் நம்பாமல், தெருவுக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருந்த தையல்காரம்மாவிடம் போய், அவர் கைபேசியில் தேடச் சொன்னார்.

"அண்ணே, உங்க பாபின் இருக்கே! குளிச்சு முடிச்ச மாதிரி பளிச்சுனு முன்னாடி நிக்குது."

"அந்த இன்னொரு கடை? புதுப் படம் எதாவது?"

"அவங்க அந்தக் கீறல் படத்தையேதான் வச்சிருக்காங்க. ஆமா, ஊசி, பெல்ட்டுனு உங்களோடது வேற எதையும் காணோமே?"

ஊசியின் மேலும் பெல்ட்டின் மேலும் முத்திரை இருந்தது. பாபின் மேல் இல்லை. மாற்றியது அந்த ஒரு பாகத்தை மட்டும்தான். கடவுச்சொல்லும் அவர் ஒருவரிடமே இருந்தது. மருமகனுக்கு வைத்த பொறியில் தன் காலே மாட்டியிருப்பது தெருவைக் கடப்பதற்குள் மெக்கானிக்குக்கு விளங்கிவிட்டது.

எல்லாப் படங்களிலிருந்தும் முத்திரையை நீக்கிவிட்டு, மறுபடியும் தட்டெழுத உட்கார்ந்தார்.

"போன் போட்டுக் கூப்பிட்டா வாய் நோகுமா?" என்றார் மனைவி.

"போன்ல சொன்னா நாளைக்கு யாரு சாட்சி?"

முத்திரையை இம்முறை எழுத்தின் மேல் படாமல், ஓரமாகக் குத்தினார்.

"மாப்பிள்ளை அவர்களுக்கு, மார்ச் பதினான்காம் தேதி நிகழ்வு குறித்துத் தங்கள் மீது நான் சாட்டிய குற்றத்தை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். தாங்கள் சொன்னது சரி, தவறு என்னுடையது. புதிய கடவுச்சொல் இத்துடன் உள்ளது. ஆயினும், என் மேசையின் கீறல் படம் வேறொரு கடைக்குப் போனது எப்படி என்ற கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதில் தங்களைச் சந்தேகிக்கவில்லை; தங்கள் உதவியைக் கேட்கிறேன். வரும் ஞாயிறு மதியம் மகளுடன் சாப்பிட வருவீர்களா, மாட்டீர்களா? எழுத்து மூலம் பதில் தேவை."