ரத்தம் படிக்காத பட்டியல்

மருத்துவமனையின் அடித்தளத்தில் சலவைக்கூடம். மேலே நோயாளிகள் படுத்தெழுந்த விரிப்புகள் மூட்டை மூட்டையாக அங்கே இறங்கும். அவற்றைப் பிரித்து இயந்திரத்தில் போடுகிற பன்னிரண்டு பேரில் ஒருத்தியை எல்லோரும் வாய்க்காரி என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கேள்வி கேட்டதற்காக நிர்வாகி வைத்தது.

கல்லீரலைக் கெடுக்கும் காமாலைக்குத் தடுப்பூசி மூன்று தவணை. மருத்துவர்களும் செவிலியர்களும் போட்டுக்கொண்டார்கள். கணக்கரும் போட்டுக்கொண்டார், அவர் தொடுகிற ஆகக் கூர்மையான பொருள் பென்சில். சலவைக்காரர்களுக்கு ஆய்வுக்குழு வந்த அன்று ஒரே ஒரு தவணை. பட்டியலில் மட்டும் மூன்று கட்டத்திலும் அன்றே டிக்.

"மீதி ரெண்டு எப்ப சார்?" என்று நிர்வாகியைக் கேட்டாள் வாய்க்காரி.

"உங்களுக்கெல்லாம் எதுக்கும்மா? அழுக்குலயே ஊறின உடம்பு. எந்தக் கிருமியும் கிட்ட வராது."

இந்த ஞானத்தை அவர் எந்த மரத்தடியில் பெற்றாரோ! உடம்பு ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே பார்த்துத்தான் பழகுகிறது. ஆயிரம் கிருமிகளோடு மல்லுக்கட்டிய உடம்புக்கும் ஆயிரத்தோராவது அந்நியன்தான். முதல் தவணை வெறும் அறிமுகம். அடுத்த தவணைகளில்தான் அந்த முகத்தை நினைவில் வைத்து, மறுபடி கண்டதும் அதை அடக்கும் எதிர்ப்பொருள்களைக் கொட்டும் உயிரணுக்கள் பெருகி நிலைக்கின்றன. ஏழை உடம்புக்கென்று இதில் தனிச் சட்டம் இல்லை. தனிச் சட்டமெல்லாம் சம்பளத்தில்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அறுவைக்கூடத்து விரிப்புக்குள் யாரோ விட்டுவைத்த ஊசி வாய்க்காரியின் கட்டைவிரலில் ஏறியது. அந்த விரிப்பில் படுத்திருந்தவருக்கு அதே காமாலை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓடினாள். அங்கிருந்த டாக்டரம்மா பட்டியலைப் பார்த்தார்.

"மூணும் போட்டிருக்கீங்களே. பயப்படாதீங்க, போகலாம்."

"ஒண்ணுதாம்மா போட்டாங்க."

பின்னாலேயே மூச்சிரைக்க வந்துவிட்டார் நிர்வாகி. "டாக்டர், இவளுக்கு ஞாபக மறதி." பிறகு அவள் காதருகே குனிந்து, "மூணுன்னு சொல்லு. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "நான் மூணுன்னு சொல்லிடறேன் சார். என் ரத்தத்துக்கு யாரு போய்ச் சொல்றது? அதுக்கு உங்க பட்டியலைப் படிக்கத் தெரியாதே!"

டாக்டரம்மா அப்போதே ரத்தம் எடுத்தார். எதிர்ப்பொருள் ஏறக்குறைய இல்லை. ஒரு கையில் ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி, மறு கையில் தடுப்பூசி.

"முதல்ல போட்டது இரவல் படை, சில மாசத்துல கலைஞ்சிடும். அதுக்குள்ள உங்க உடம்பு சொந்தப் படை கட்டணும். மீதி ஊசியை விட்டுடாதீங்க," என்றார். பட்டியல் பொய் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

வீட்டில் கணவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "வேலை போச்சுன்னா என்னடி பண்ணுவோம்?"

"கல்லீரல் போச்சுன்னா எந்த ஆபீஸ்ல மனு குடுப்பீங்க?"

வேலை போகவில்லை. டாக்டரம்மாவின் எழுத்து கோப்பில் இருக்கையில் அவளை நீக்க நிர்வாகிக்குத் துணிச்சல் வரவில்லை. மீதி ஊசியையும் டாக்டரம்மாவிடமே போட்டுக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து வந்த சோதனை முடிவில் கிருமி இல்லை, எதிர்ப்பொருள் தாராளம். அன்றே புகைப்படக்காரரோடு இறங்கி வந்தார் நிர்வாகி.

"சிரிம்மா! நம்ம தடுப்பூசித் திட்டத்தோட வெற்றியே நீதான்."

"இவங்க பதினொரு பேருக்கும் ஊசி பாக்கி இருக்கே சார். போட்டு முடிங்க, பன்னெண்டு பேருமா சிரிக்கிறோம்."

புகைப்படக்காரர் கேமராவை மூடினார். மறுவாரம் ஊசிப்பெட்டி அடித்தளத்துக்கு இறங்கியது.