அள்ளிய மண் எங்கே போகும்?

மூன்று நாள் மழையில் சரிந்த மண்ணை அள்ளியாச்சு, மலைச் சாலை திறந்தாச்சு என்று காலையில் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. அதை நம்பி ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

படத்தில் பொய் இல்லை. சாலை துடைத்துவிட்டது போல இருந்தது.

பாதி மலையில், காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அக்கா இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் ஊருக்குப் பிரியும் ஒற்றையடிப் பாதையை ஆள் உயர மண்மேடு அடைத்திருந்தது. சாலையில் அள்ளியதெல்லாம் அங்கேதான்.

பக்கத்தில் பொக்லைன் ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது? வூட்டுக்கு எப்படிப் போறது?"

"ரோட்ட கிளியர் பண்ணச் சொன்னாங்க, பண்ணிட்டேன். உங்க வழி என் வேலையில வராதுங்க."

அக்காவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"சரிங்க. சாயங்காலம் எங்க ஊரு ஜனம் வந்து இத மறுபடி ரோட்லயே தள்ளிட்டுப் போறோம். நாளிக்கு வந்து அள்ளுங்க. அது உங்க வேலதான?"

ஓட்டுநர் டீயைக் கீழே வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். அவர் முடிக்கும்வரை பஸ்ஸும் நின்றது.

பாதை திறந்துவிட்டது. மண் இப்போது எதிரே இருக்கும் பஸ் நிழற்குடைக்குள் இருக்கிறது.

அங்கே பஸ் ஏறுபவர்கள் யாராவது இதைப் படித்தால், நாளைக்கு அந்தப் பொக்லைன் ஓட்டுநரிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.