மாடிப்படியில் நின்று பாடிய கேசட்

எண்பதுகளின் நடுவில், தீபாவளிக்கு ஏழு வாரம் இருக்கும்போது, மலேசியாவின் சிரம்பானில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இது நடந்தது. வெள்ளிக்கிழமை. நாங்கள் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது காலை மணி 9.20; டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது.

நாங்கள் நான்கு பெண்கள், லிங்கிக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள். நான், என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா, உடன்பிறந்த சகோதரிகள் இருவர். நால்வருக்கும் அடுத்தடுத்த மர நிரைகள். மரம் வெட்டிக்கொண்டே நான் ஒரு வரியை எடுப்பேன். அக்கா தன் நிரையிலிருந்து அதற்குக் கீழான குரலில் சேருவார். சகோதரிகள் மேலே போவார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

தோட்டத்து லாரி ஓட்டுநர் வார இறுதிகளில் போர்ட்டிக்சன் ஹோட்டலில் கிட்டார் வாசித்துக் ‘கவ்பாய்’ பாட்டுப் பாடுகிறவர். எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு, கிட்டார் சேர்த்தால் கேசட்டே போடலாம் என்றார். பால் வடியக் காத்திருக்கும் நேரத்தில் அவர் லாரிப் படியில் உட்கார்ந்து வாசிப்பார். நாங்கள் ஆளுக்கொரு மரத்தடியில் இருந்து பாடுவோம். மூன்று மாதத்தில் எட்டுப் பாட்டுகள் தயாராகிவிட்டன.

ஸ்டூடியோவில் சின்ன அறை, நடுவில் ஒரு மைக். லாரி ஓட்டுநர் கிட்டாரோடு ஒரு மூலையில் உட்கார, நால்வரும் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். நான் எடுத்தவுடன் மற்ற மூவரும் வழுக்கிக்கொண்டு என் மெட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். பத்துத் தடவைக்கு மேல் பாடியும் அப்படியேதான். 11.45 ஆகியும் ஒரு பாட்டுகூடத் தேறவில்லை.

ஸ்டூடியோக்காரர் என்னைத் தனியாக அழைத்தார். ஆனால் அந்த அறையில் எதையும் தனியாகச் சொல்ல முடியாது.

“தங்கச்சி, ஒங்க குரல் போதும். மத்த குரலுக்கு நாளைக்கு டவுன்ல ரெண்டு பேர நானே கூட்டிட்டு வரேன். இவங்க கை தட்டட்டும்லா.”

நான் சரி என்று தலையாட்டினேன். தீபாவளிக்குள் கேசட் வந்தாக வேண்டுமே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அட்டையில் என் பெயர் மட்டும் வரும் என்ற ஆசையும் இருந்தது. அன்றைய டைரியில் இதை எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

அக்கா கதவை விரியத் திறந்துபோட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். சகோதரிகள் பின்பக்க ஜன்னலருகே போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டார்கள்.

ஸ்டூடியோக்காரர் என்னை மட்டும் பாடிக் காட்டச் சொன்னார். கிட்டார் தொடங்கியது. முதல் வரியை எடுத்தேன். இரண்டாவது வரியில், படிக்கட்டிலிருந்து அக்காவின் கீழ்க்குரல் ஏறி வந்தது, இம்மியும் பிசகாமல். அடுத்த வரியில் ஜன்னல் பக்கமிருந்து சகோதரிகளும் சேர்ந்துகொண்டார்கள். தோட்டத்தில் பாடுவது போலவே இருந்தது. பாடி முடித்ததும்தான் எனக்கு உறைத்தது: அன்று காலைக்கு முன் நாங்கள் ஒருமுறைகூடப் பக்கத்தில் நின்று பாடியதே இல்லை.

ஓடினேன். அக்கா பாதிப் படியில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

“கோவத்துலதான் எறங்குனேன். நீ எடுத்தா என் வாய் சும்மா இருக்க மாட்டேங்குதே, நான் என்னா செய்ய?”

மன்னித்துவிடச் சொல்லிக் கையைப் பிடித்தேன்.

“மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் புள்ள. மைக்கு ஒயரு இவ்ளோ தூரம் வருமான்னு அந்தாள கேளு.”

வந்தது. ஸ்டூடியோக்காரர் டிரம்முக்கு வைத்திருந்த மைக்குகளைக் கழற்றி, படியில் அக்காவுக்கு ஒன்று, ஜன்னலில் மூத்தவளுக்கு ஒன்று, சமையற்கட்டில் இளையவளுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டு போனார். இது ஸ்டூடியோவா, ரப்பர் தோட்டமா என்று அவர் முணுமுணுக்க, தோட்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றாள் இளையவள். கதவு திறந்திருந்தால் தெருச் சத்தம் உள்ளே வருமே என்பதுதான் கவலை. ஆனால் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம் நெருங்கியிருந்தது. சாலை அடங்கியது.

12.50க்கு முதல் பாட்டு. 2.05க்கு எட்டாவது முடிந்தது. குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் போனதால் ஒரே ஒரு பாட்டை மட்டும் இரண்டாம் முறை பாடினோம்.

ஸ்டூடியோக்காரர் நாடாவைச் சுற்றி இரண்டு தடவை கேட்டார். பிறகு பேனாவை எடுத்து, பெட்டியின்மேல் எழுதப் பெயர்களைக் கேட்டார். அக்கா பெயரை முதலில் எழுதச் சொன்னேன். நான்கு பெயரும் எழுதிய பிறகுதான் படியிறங்கினேன்.

தீபாவளியன்று எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் மட்டுமல்ல, புக்கிட் பெலண்டோக் பக்கமும் அந்தக் கேசட் ஓடியது. மறு வாரம் நானும் அக்காவும் பஸ்ஸில் போகும்போது டிரைவர் அதைப் போட்டார். முன்சீட்டில் இரண்டு பெண்கள் கூடவே முணுமுணுத்தார்கள். அவர்கள் பாடியது என் மெட்டை அல்ல, அக்காவின் கீழ்க்குரலை. அக்கா என் விலாவில் இடித்தார்.

“யாரு குரல பாடுறாங்க, கேட்டியா?”

கேட்டேன். அன்று எனக்கு வந்த சந்தோஷம், என் குரலை அவர்கள் பாடியிருந்தால்கூட வந்திருக்காது.

இன்றைக்கும் ஒருவரால் முடியாது என்று முடிவுகட்டும் முன், அவரை நான் எங்கே நிற்க வைத்திருக்கிறேன் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.